பாட்டில் தண்ணீர் ஆடுகிறதா? நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியவரைக் கவனித்துக்கொள்ள

"நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு, அதான் ட்யூப் போட்டு எடுக்கிறாங்க." வார்டு வராந்தாவில் நின்று உறவினர்கள் ஃபோனில் ஊருக்குச் சொல்லும் இந்தப் பேச்சு தினமும் என் காதில் விழுகிறது. சளி நுரையீரலுக்கு உள்ளே, காற்றுக் குழாய்களில் இருப்பது. இருமினால் வெளியே வந்துவிடும். இந்தச் சீழ் தேங்குவது நுரையீரலுக்கு வெளியே, அதைப் போர்த்தியிருக்கும் இரண்டு சவ்வுகளுக்கு நடுவில். எத்தனை இருமினாலும் வராது. அந்த இடுக்கில் சாதாரணமாக இருப்பது 10 முதல் 20 மில்லி நீர்தான். நிமோனியா வந்தால் சவ்வு அழன்று அங்கே நீர் ஊறும். அதில் கிருமி இறங்கினால் கலங்கி, கெட்டிப்பட்டுச் சீழாகிவிடும். கேஸ் ஷீட்டில் இதை எம்பைமா என்று எழுதுவார்கள். இதை வடிக்கத்தான் விலா இடுக்கு வழியாக ட்யூப் போட்டு, கட்டிலடியில் தண்ணீர் ஊற்றி வைத்த பாட்டிலில் இணைப்பார்கள்.

முதல் சில நாட்கள் அது தண்ணீர்போல இருக்கும், வடித்தால் வடிந்துவிடும். பிறகு ஃபைப்ரின் என்னும் நார் சிலந்தி வலையாகப் பின்னி, சீழை அறை அறையாகத் தடுத்துவிடும். இரண்டு மூன்று வாரம் கடந்தால் நுரையீரல்மேல் தடித்த தோல் படிந்து, அது விரிய முடியாமல் சுருண்டு கிடக்கும்.

நெஞ்சக நோய் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸ் தங்கைகளுக்காகவும், கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கும் அட்டெண்டர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இத்தனை வருட டியூட்டியில் நான் பயப்படக் கற்றுக்கொண்டது சட்டென்று அடங்கிப்போகும் அறிகுறிகளுக்குத்தான். வலி நின்றது, வடிவது நின்றது, குமிழி நின்றது என்றால் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும். ஏன் நின்றது என்று தெரியும்வரை அந்த நிம்மதி வேண்டாம்.

ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை

நிமோனியா என்று அட்மிட் ஆனவருக்கு ஆன்டிபயாடிக் தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்தில் காய்ச்சல் தணிய ஆரம்பிக்க வேண்டும். மூன்றாம் நாளும் சாயங்காலமானால் குளிர் நடுக்கத்தோடு 102 அடிக்கிறது, வியர்த்து நைட்டி நனைகிறது என்றால், "மருந்து இன்னும் வேலை செய்யல" என்று காத்திருக்காதீர்கள். நெஞ்சில் நீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி டியூட்டி டாக்டரிடம் அன்றே சொல்லுங்கள். நின்று எடுக்கும் எக்ஸ்ரேயில் நீர் தெளிவாகத் தெரிய ஏறக்குறைய 200 மில்லி சேர்ந்திருக்க வேண்டும். அல்ட்ராசவுண்டில் அதைவிடக் குறைவாக இருந்தாலே தெரியும், உள்ளே நார் பின்னியிருக்கிறதா என்பதும் தெரியும். எக்ஸ்ரே பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்கள், காய்ச்சல் மட்டும் நிற்கவில்லை என்றால் ஸ்கேன் கேட்பது தப்பே இல்லை.

சர்க்கரை நோயாளிகள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், பல் சொத்தையும் ஈறு வீக்கமும் உள்ளவர்கள், வலிப்பு வந்து மயக்கத்தில் கிடந்தவர்கள், பக்கவாதத்தில் விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் இன்னும் சீக்கிரம் சந்தேகப்படுங்கள். வாயிலுள்ளது நுரையீரலுக்குள் இறங்கி வரும் சீழ் மிக மோசமாக நாறும். அதனால்தான் எங்கள் வார்டில் காலையும் இரவும் வாய் கழுவிவிடுவதை மருந்து கொடுப்பதற்குச் சமமாக வைத்திருக்கிறோம்.

குத்தல் வலி போய்விட்டது, ஆனால் மூச்சு வாங்குகிறது

மூச்சை இழுத்தால் கத்தி சொருகியதுபோல் இருந்த வலி இரண்டு நாளில் தானாகக் குறைகிறது. நோயாளி சிரிக்கிறார், வீட்டார் டிஸ்சார்ஜ் கேட்கிறார்கள். அழன்ற சவ்வுகள் இரண்டும் ஒன்றோடொன்று உரசும்போதுதான் அந்த வலி. நடுவில் நீர் சேர்ந்து அவற்றை விலக்கிவிட்டால் உரசல் நின்றுவிடும், வலியும் போய்விடும்.

வலி குறைந்தது என்று சொன்னால் உடனே நான்கு காரியம் செய்யுங்கள். ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள், பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பாருங்கள். சட்டையைக் கழற்றி, இரண்டு பக்க விலாவும் ஒரே அளவு எழும்புகிறதா என்று கால்மாட்டில் நின்று பாருங்கள். முதுகில் இரண்டு பக்கமும் ஸ்டெத் வைத்துக் கேளுங்கள். நீர் சேர்ந்த பக்கத்தில் கீழே மூச்சுச் சத்தம் மங்கி இருக்கும், விரலால் தட்டினால் மரத்தில் தட்டியதுபோல் கட்டையாகக் கேட்கும். மூச்சு எண்ணிக்கை 24-இலிருந்து 32-க்குப் போயிருந்தால் வலி போனது நல்ல செய்தி இல்லை.

ஊசியில் எடுத்த நீர் எப்படி இருந்தது

நீர் இருப்பது தெரிந்தால் ஊசி குத்திக் கொஞ்சம் எடுப்பார்கள். அந்த சாம்பிளை லேபுக்கு அனுப்பும் முன் கண்ணாலும் மூக்காலும் பார்த்து ஷீட்டில் எழுதிவையுங்கள். கெட்டியான மஞ்சள் சீழ் வந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை, ட்யூப் போடத் தயார் செய்யுங்கள். அதை ஏபிஜி என்னும் ரத்த வாயு மெஷினில் பிஎச் (அமிலத்தன்மை) பார்க்கப் போடக்கூடாது. மெஷின் அடைத்துக்கொள்ளும், அந்த எண் நமக்குத் தேவையும் இல்லை. நீர் தெளிவாகவோ லேசாகக் கலங்கியோ இருக்கும்போதுதான் பிஎச் பார்க்க வேண்டும். ஹெப்பாரின் நனைத்த சிரிஞ்சில், காற்றுக் குமிழியை வெளியேற்றி, மூடி உடனே அனுப்ப வேண்டும். உள்ளே காற்று நின்றால் பிஎச் கூடுதலாகக் காட்டும், மரத்துப்போகும் ஊசி மருந்து கலந்துவிட்டால் குறைவாகக் காட்டும். பிஎச் 7.2-க்குக் கீழே, சர்க்கரை 60-க்குக் கீழே, எல்டிஎச் என்னும் நொதி 1000-க்கு மேலே என்றால் பார்க்கத் தண்ணீர்போல இருந்தாலும் ட்யூப் வேண்டும் என்றே டாக்டர்கள் முடிவெடுப்பார்கள்.

சாக்லேட் நிறத்தில் கெட்டியாக வந்தால் ஈரலில் இருந்த அமீபா கட்டி மேலே உடைந்திருக்கலாம். சோற்றுப் பருக்கை, கீரைத் துணுக்கு கண்ணில் பட்டால் உணவுக் குழாயில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். அந்த நிமிஷமே வாய் வழியாகத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு வெறும் பாட்டிலில் மட்டும் அனுப்பாமல், படுக்கையருகிலேயே ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலும் கொஞ்சம் ஏற்றினால் கிருமி பிடிபடும் வாய்ப்பு கூடும். காசநோயா என்று அறிய ஏடிஏ என்னும் நொதியின் அளவைப் பார்ப்பார்கள். 40-க்கு மேல் வந்தால் நம் ஊரில் டிபி பக்கமே சந்தேகம் போகும். ஆனால் சாதாரணக் கிருமிச் சீழிலும் ஏடிஏ ஏறும். அந்த ஒரு எண்ணை வைத்து "உங்க வீட்டுக்காரருக்கு டிபி" என்று வராந்தாவில் வாய் விட்டுவிடாதீர்கள்.

பாட்டில் தண்ணீர் ஆடவில்லை

ராத்திரி இரண்டு மணிக்கு என்னை அதிகம் எழுப்பிய புகார் இதுதான். "சிஸ்டர், தண்ணி ஆடவே மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாருங்க." வந்து சொல்கிற அந்த அம்மாவுக்கு நான் எப்போதும் நன்றி சொல்வேன். பாட்டிலைக் கவனிக்கிற கண் அங்கே இருக்கிறது என்று பொருள்.

நோயாளியின் ட்யூப் வந்து சேரும் நீளக் குழலின் நுனி பாட்டிலுக்குள் 2 செ.மீ. தண்ணீரில் மூழ்கியிருக்கும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைவதால் குழலுக்குள் தண்ணீர் மேலே ஏறும், விடும்போது இறங்கும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இது தலைகீழாக நடக்கும். தண்ணீர் ஆடினால் நெஞ்சுக்கும் பாட்டிலுக்கும் நடுவே வழி திறந்திருக்கிறது.

ஆடவில்லை என்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு நோயாளியின் உடம்பிலிருந்து தொடங்குங்கள், பாட்டிலிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் முகம்: மூச்சு வாங்குகிறதா, உதடு நீலமா, சாச்சுரேஷன் என்ன. அவர் சரியில்லை என்றால் ட்யூபை ஆராயும் வேலையே வேண்டாம், டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஆக்ஸிஜன் வையுங்கள். நன்றாக இருந்தால் "ஒரு தடவை நல்லா இருமுங்க அண்ணா" என்று சொல்லிக் குழலைப் பாருங்கள். சிலருக்கு மேலோட்டமாக மூச்சு விடுவதால்தான் ஆட்டம் தெரியாது. இருமினதும் ஒரு துள்ளு துள்ளும்.

அப்போதும் துள்ளவில்லை என்றால் டிரெஸ்ஸிங்கைப் பாருங்கள். தையல் போட்ட இடத்தில் ட்யூபின் அளவுக்குறி எத்தனையில் இருந்தது, இப்போது எத்தனையில் இருக்கிறது? வெளியே வந்திருக்கிறதா? பிளாஸ்டருக்கு அடியில் மடங்கியிருக்கிறதா? பிறகு போர்வையை விலக்குங்கள். பாதி நேரம் பதில் அங்கேதான் கிடைக்கும். அவரே அந்தப் பக்கம் ஒருக்களித்து ட்யூப்மேல் படுத்திருப்பார், அல்லது கட்டில் கம்பியில் சிக்கியிருக்கும். மெல்லிய ட்யூபாக இருந்தால் மூவழித் திருகைப் பாருங்கள். ஊசி மருந்து ஏற்றிய கை அதை மூடியபடி விட்டுப் போயிருக்கும். எங்கள் வார்டில் அந்தத் திருகின் பக்கத்தில் "திற" என்று எழுதிய பிளாஸ்டர் ஒட்டுகிறோம்.

அதற்கடுத்து ட்யூப் தொங்கும் விதம். கட்டிலிலிருந்து வளையமாகத் தாழ்ந்து மறுபடி ஏறி பாட்டிலுக்குப் போனால், அந்தத் தாழ்ந்த இடத்தில் சீழ் தங்கித் தடுத்துவிடும். நேராகச் சரிவாக விடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற கட்டி அடைத்திருந்தால் அந்த இடத்தை மட்டும் விரலால் மெல்லப் பிசைந்து நகர்த்தலாம். ட்யூப் முழுக்க இறுக்கி உருவிவிடும் பழைய பழக்கம் வேண்டாம், உள்ளே அளவுக்கு மீறிய உறிஞ்சல் உண்டாகி நுரையீரல் காயப்படும். மெல்லிய ட்யூபை அடைக்காமல் வைக்க, டாக்டர் எழுதிய ஆர்டர்படி 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 20 முதல் 30 மில்லி ஸ்டெரைல் சலைன் ஏற்றுவோம். கை கழுவி, கிளவுஸ் போட்டு, மெதுவாக. எதிர்த்துத் தள்ளினால் பலத்தைக் காட்டாதீர்கள்.

கடைசியாக பாட்டில். ஒற்றைப் பாட்டிலில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சீழ் நிறைய நிறைய மட்டம் ஏறும், குழல் நுனி ஆழமாக மூழ்கும். 2 செ.மீ. இருந்தது 12 செ.மீ. ஆகிவிட்டால் உள்ளிருப்பது அத்தனை தண்ணீரையும் தள்ளிக்கொண்டு வெளியே வர வேண்டும். பாட்டில் வழியக் காத்திருக்காமல் மாற்றுங்கள். மாற்றியதும் நோயாளியின் ட்யூப் நீளக் குழலில்தான் சேர்ந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பின்தொடர்ந்து பாருங்கள். அவசரத்தில், காற்று வெளியே போக வைத்திருக்கும் குட்டைக் குழலில் மாட்டிவிட்டால் காற்று வெளியேற வழியில்லாமல் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும். புது பாட்டிலில் தண்ணீர் மட்டத்தில் பிளாஸ்டர் ஒட்டி, தேதியும் நேரமும் எழுதுங்கள். அந்தக் கோடு இல்லாமல் "இன்னைக்கு 300 வந்துச்சு" என்பது வெறும் ஊகம்.

எல்லாம் சரி, ஆள் நன்றாக இருக்கிறார், இருந்தும் ஆடவில்லை என்றால் இரண்டு காரணம் மீதி: நுரையீரல் முழுதாக விரிந்து ட்யூபை அணைத்துக்கொண்டது, அல்லது உள்ளே துளைகள் சீழில் அடைத்துக்கொண்டன. முதலாவது மகிழ்ச்சி, இரண்டாவது அபாயம். எது என்று எக்ஸ்ரேயும் ஸ்கேனும்தான் சொல்லும். நாமாக முடிவெடுக்கக் கூடாது.

பாட்டிலில் குமிழி வருகிறது

நுரையீரலில் எங்கோ ஓட்டை இருந்து காற்று கசிந்தால் குமிழி வரும். ட்யூப் இணைப்பு தளர்ந்திருந்தாலும் வரும். இணைப்புகளை இறுக்கி, பிளாஸ்டர் சுற்றிப் பாருங்கள். இருமும்போது மட்டும் வருகிறதா, பேசும்போதும் வருகிறதா, விடாமல் வருகிறதா என்று எழுதுங்கள்.

குமிழி வரும் ட்யூபை கிளாம்ப் செய்யாதீர்கள், அதாவது இடுக்கி போட்டு அடைக்காதீர்கள். நடக்கும்போது வேண்டாம், லிஃப்டில் வேண்டாம், ஸ்கேனுக்குப் போகும்போதும் வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில், குமிழி வந்துகொண்டிருந்த ஒருவரை சிடி ஸ்கேனுக்கு அனுப்ப நானே இரண்டு கிளாம்ப் போட்டேன். திரும்பி வந்தவரைக் கட்டிலில் மாற்றியபோது பக்கத்து பெட்டுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். பாட்டில் அமைதியாக இருப்பதைப் பார்த்து அவர் மகன், "லீக் நின்னுடுச்சு சிஸ்டர்" என்று சந்தோஷமாகச் சொன்னான். திரும்பிப் பார்த்தேன். அவர் கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது, வார்த்தை வரவில்லை. கிளாம்பை எடுத்ததும் பாட்டில் உலையில் வைத்த தண்ணீர்போல் கொதித்தது. அவர் பிழைத்தார். வெளியேற முடியாத காற்று ஒவ்வொரு மூச்சுக்கும் சேர்ந்து இதயத்தையே தள்ளத் தொடங்க எத்தனை குறைந்த நேரம் போதும் என்று அன்று பார்த்தேன்.

குமிழி வருபவருக்குப் பாட்டில் மாற்றும் சில நொடிகளுக்கு மட்டும் கிளாம்ப், அதுவும் கை எடுக்காமல். தினமும் குமிழி வந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று நின்றால், மேலே சொன்னபடி நோயாளியின் முகத்தில் தொடங்கி பாட்டில்வரை பாருங்கள்.

ட்யூப் போட்டதும் மடமடவென்று வடிந்தது, இப்போது இருமல் நிற்கவில்லை

நாள்கணக்கில் அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளலாம். அடங்காத இருமல், நெஞ்சு இறுக்கம், சாச்சுரேஷன் இறக்கம், ரோஸ் நிற நுரைச் சளி என்று வரும். அதனால்தான் ஒரே மூச்சில் 1.5 லிட்டருக்கு மேல் வடியவிடுவதில்லை. அந்த அளவை எட்டினாலோ அதற்கு முன்பே இருமல் தொடங்கினாலோ, குமிழி இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு கிளாம்ப் போட்டு, நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்ஸிஜன் கொடுத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். முதல் ஒரு மணி நேரம் அந்தக் கட்டிலை விட்டு நகராதீர்கள். மணிக்கு 100 மில்லிக்கு மேல் பளிச்சென்று சிவப்பு ரத்தம் வந்தாலும் இதே அவசரம்.

ட்யூப் கழன்றுவிட்டது, பாட்டில் கவிழ்ந்துவிட்டது

பாட்டில் கவிழ்ந்தால் நிமிர்த்துங்கள். குழல் நுனி தண்ணீருக்குள் இருக்கிறதா பாருங்கள், இருமச் சொல்லுங்கள், மூச்சைக் கவனியுங்கள். பாட்டில் உடைந்தாலோ இணைப்பு பிரிந்தாலோ, ட்யூபை விரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியை ஒரு ஸ்டெரைல் தண்ணீர் பாட்டிலுக்குள் 2 செ.மீ. இறக்குங்கள், அதுவே தற்காலிக சீல். நெஞ்சிலிருந்தே ட்யூப் உருவி வந்துவிட்டால், மூச்சை விடச் சொல்லி, விட்ட கணத்தில் காஸ் துணி வைத்து அழுத்துங்கள். காற்று கசிந்துகொண்டிருந்தவர் என்றால் மூன்று பக்கம் மட்டும் பிளாஸ்டர் ஒட்டி, ஒரு பக்கத்தைக் காற்று வெளியேற விடுங்கள். வெளியே வந்த ட்யூபை மறுபடி உள்ளே தள்ளவே கூடாது.

ஒரு சொட்டுக் காற்றுக்கு ஏன் இத்தனை பதற்றம் என்று புதுப் பிள்ளைகள் கேட்பதுண்டு. கோட்ஹார்ட் ப்யூலாவ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1875-இல் செய்து பார்த்த தண்ணீர் சீல் முறையைத்தான் இன்றும் நம் கட்டிலடியில் வைத்திருக்கிறோம். 1918-இல் அமெரிக்க ராணுவ முகாம்களில் சளிக்காய்ச்சலோடு எம்பைமா பரவியபோது, ஆரம்பத்திலேயே நெஞ்சைத் திறந்து சீழை எடுத்தார்கள். சராசரியாக 100 பேரில் 30 பேர் செத்தார்கள். எவர்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர் இருந்த குழு, சவ்வு ஒட்டுமுன் திறந்தால் காற்று புகுந்து நுரையீரல் சுருண்டுவிடுகிறது என்று கண்டுபிடித்து மூடிய வடிகாலுக்கு மாற்றியது. இறப்பு 4 சதவீதம் அளவுக்கு இறங்கியது. அந்த 2 செ.மீ. தண்ணீரின் மதிப்பு அவ்வளவு.

தோலைத் தொட்டால் நெறுநெறுவென்கிறது

ட்யூப் போட்ட இடத்தைச் சுற்றி அரிசிப்பொரியை அழுத்தியதுபோல் இருந்தால் தோலுக்கு அடியில் காற்று ஏறியிருக்கிறது. எல்லையைப் பேனாவால் வரைந்து நேரம் எழுதுங்கள். ட்யூப் அடைப்பையும், ட்யூபின் பக்கத் துளை வெளியே வந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கோடு தாண்டிப் பரவினால் சொல்லுங்கள். கழுத்து, கண் இமை வீங்கி, குரல் மாறினால் ஓடிப்போய்ச் சொல்லுங்கள்.

இருமினால் வாய் நிறையச் சீழ்போல வருகிறது

நல்ல பக்கம் திரும்பிப் படுத்ததும் டம்ளர் கணக்கில் துப்புகிறார் என்றால், நெஞ்சுச் சீழுக்கும் காற்றுக் குழாய்க்கும் நடுவே வழி உண்டாகியிருக்கலாம். வழக்கமாக மூச்சுத் திணறுபவரை நல்ல நுரையீரல் கீழே இருக்கும்படி படுக்கவைப்போம். இவருக்கு அப்படிச் செய்தால் சீழ் நல்ல நுரையீரலுக்குள் வழிந்து அதையும் மூழ்கடிக்கும். நோயுள்ள பக்கம் கீழே இருக்கும்படி, தலையை உயர்த்தி வையுங்கள். சளி உறிஞ்சும் சக்‌ஷன் மெஷின் பக்கத்தில் இருக்கட்டும்.

ட்யூப் வடிகிறது, காய்ச்சலும் அடிக்கிறது

சீழ் அறை அறையாக இருந்தால் ட்யூப் இருக்கும் அறை மட்டும் காலியாகும். ஸ்கேன் பார்த்து இன்னொரு ட்யூப் போடுவார்கள், அல்லது நாரைக் கரைக்க உள்ளே மருந்து விடுவார்கள். அப்படி ஒரு மருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் விட்டால் பலன் கூடவில்லை என்று 2005-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. 2011-இல் வந்த இன்னொரு ஆய்வில், நாரைக் கரைக்கும் டிபிஏ 10 மி.கி., சீழின் பிசுபிசுப்பைக் குறைக்கும் டிஎன்ஏஸ் 5 மி.கி. இரண்டையும் சேர்த்து, நாளுக்கு இருமுறை மூன்று நாள் விட்டபோது நீர் நன்றாக வடிந்தது, ஆபரேஷன் தேவைப்பட்டவர்களும் குறைந்தார்கள். விலை கூடுதலான மருந்து என்பதால் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. மருந்து விட்டபின் ஒரு மணி நேரம் ட்யூப் மூடியிருக்கும். கிளாம்பின்மேலேயே பிளாஸ்டர் ஒட்டி "திறக்கும் நேரம் 11.20" என்று எழுதுங்கள். வலி, மூச்சுத் திணறல் வந்தால் நேரம் பார்க்காமல் திறந்துவிட்டுச் சொல்லுங்கள்.

அதிலும் தீரவில்லை என்றால் கேமரா வழி அறுவை சிகிச்சை, நுரையீரல்மேல் படிந்த தோல் தடித்திருந்தால் அதை உரித்தெடுக்கும் ஆபரேஷன். பல குடும்பங்கள் இந்தச் சொல்லைக் கேட்டதும் கையெழுத்துப் போடாமல் ஒரு வாரம் இழுக்கிறார்கள். அந்த வாரத்தில் தோல் இன்னும் தடிக்கிறது. அரசு மருத்துவமனையிலோ முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலோ வழி இருக்கிறதா என்று அன்றைக்கே விசாரித்துச் சொல்லுங்கள், தயக்கத்தில் பாதி பணத்தைப் பற்றியதுதான்.

காய்ச்சல் போனதும் "இன்னும் எத்தனை நாள் ஊசி" என்று கேட்பார்கள். சீழ்க்குழிக்குள் மருந்து மெதுவாகத்தான் ஊடுருவும். ஊசியும் மாத்திரையுமாக 2 முதல் 6 வாரம் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பத்தாம் நாள் சண்டை இருக்காது.

சாப்பிட மறுக்கிறார், ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கிறார்

"முட்டை குடுத்தா சீழ் வெக்கும்னு எங்க மாமியார் சொல்றாங்க சிஸ்டர்." முட்டை, மீன், தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் அரிசிக் கஞ்சி கொடுப்பார்கள். தினமும் பாட்டிலில் வடிவது அவர் உடம்பின் புரதம். அது திரும்ப உள்ளே போகாவிட்டால் ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதம் இறங்கிக் கால் வீங்கும், தையல் ஆறாது. மாமியாரைக் குறை சொல்லாமல் பாட்டிலையே காட்டிப் பேசுங்கள்: "இவ்ளோ சத்து வெளிய போகுதும்மா, அத நாமதானே திருப்பிப் போடணும்." இரண்டு முட்டை, சுண்டல், பருப்புத் தண்ணீர், மீன் குழம்புத் துண்டு, மோர், கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. சர்க்கரை இருந்தால் அதற்கேற்ற இன்சுலின். சென்னை மே மாத வார்டில் காய்ச்சலோடு கிடப்பவருக்குத் தண்ணீர் குறைந்தால் சளியும் கெட்டிப்படும்.

வலிக்குப் பயந்து ட்யூப் பக்கமே சாய்ந்து, தோளைத் தூக்காமல் இருப்பார். வலி மாத்திரை கொடுத்து அரை மணி கழித்து மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்து கருவியை ஊத விடாமல் உறிஞ்சச் சொல்லுங்கள். பாதிப் பேர் ஊதுகிறார்கள். ட்யூப் இருக்கும் பக்கத்துக் கையால் தலை வாரச் சொல்லுங்கள். பாட்டிலைக் கையில் இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்கச் சொல்லுங்கள்.

பையோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள்

நுரையீரல் விரிந்து, காற்றுக் கசிவு நின்று, ஒரு நாளைக்கு 50 மில்லிக்கும் குறைவாகத் தெளிந்த நீர் வந்தால் பொதுவாக ட்யூபை எடுப்பார்கள். சிலருக்குச் சீழ் வாரக்கணக்கில் வரும். சவ்வு ஒட்டியபின் ட்யூபைப் பையில் விட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். பஸ்ஸில் வந்தால் பையை மடியில் வைக்காமல் நெஞ்சுக்குக் கீழே தொங்கவிடுங்கள். மேலே தூக்கினால் சீழ் திரும்ப உள்ளே ஓடும். டிரெஸ்ஸிங் நனையாமல் இடுப்புக்குக் கீழே குளியுங்கள். காய்ச்சல், புது நாற்றம், வடிவது சட்டென்று நிற்பது, ட்யூப் நீளம் கூடித் தெரிவது, இவற்றில் ஒன்று வந்தாலும் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காதீர்கள். மூச்சுத் திணறினால் 108.

டிபியால் வந்த சீழ் என்றால் பெரும்பாலும் 6 மாத மாத்திரை, நடுவில் விடாமல். சில வீடுகளில் தட்டு, டம்ளர், படுக்கை எல்லாம் பிரித்துவிடுகிறார்கள். நம் சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவ விடுதியில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரேபோலக் குணமானதை 1959-இலேயே உலகத்துக்குக் காட்டிவிட்டது. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதையும் அதைத் தொடர்ந்து காட்டியது. சளிப் பரிசோதனை முடிவு என்ன என்று டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்ன நாள்வரை மாஸ்க் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், தட்டைப் பிரிக்க வேண்டியதில்லை.

ட்யூப் எடுத்தபின்னும் எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் வெள்ளையாகத் தடிப்பு மாதக்கணக்கில் தெரியும். வெளியே ஏதாவது லேபில் படம் எடுத்து, "இன்னும் நீர் இருக்கு" என்று யாரோ சொல்லிப் பதறி ஓடிவருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. ஓபிக்கு வரும்போது பழைய படங்கள் எல்லாவற்றையும் மடிக்காமல், தேதி வரிசைப்படி அடுக்கிக் கொண்டுவாருங்கள். பழையதன் பக்கத்தில் புதியதை வைத்துப் பார்த்தால்தான் அது ஆறின தழும்பா, மறுபடி சேரும் நீரா என்று டாக்டரால் சொல்ல முடியும்.